பெரிய நாயும் சிறிய நாயும் விளையாடும்போது

நல்லம்பள்ளி போன்ற ஊர்களில், தோட்டக் காவலுக்கு வளர்க்கும் ராஜபாளையம் நாயும் வீட்டுக்குள் வளரும் பொமரேனியனும் ஒரே வாசலில் புரளும்போது, கடிபோலத் தெரிவதெல்லாம் சண்டையாகிவிடாது. முன்னங்கால்களை நீட்டி, மார்பைத் தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்தும் 'விளையாட்டு வணக்கம்', தவறாகக் கொள்ளத்தக்க கடிகளுக்குச் சற்று முன்னும் பின்னும் மிகுதியாக வருவதை விலங்கு நடத்தை ஆய்வாளர் மார்க் பெக்காஃப் 1995இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பெரியது தானே மல்லாந்து படுத்து வலுவைக் குறைத்துக்கொள்வதும் நல்ல அறிகுறியே. ஆனால் சிறியது வாலை இடுக்கி, காதுகளை மடித்து, கட்டிலடியில் பதுங்கிய பின்னும் பெரியது விடாமல் துரத்தினால், அது விளையாட்டன்று. அப்போது இடையில் கையை நுழைக்காமல், பெரியதைப் பெயர் சொல்லி அழைத்து விலக்கி, இரண்டும் மூச்சு ஆறியபின், சிறியது தானாக நெருங்கினால் மட்டுமே மீண்டும் சேர்க்கலாம். ஒரு மிதியே சிறிய எலும்பை முறிக்கக்கூடும் என்பதால், ஆளில்லாத வேளையில் இரண்டையும் ஒன்றாக விடவே கூடாது.