பவானி பிறக்கும் மலையைப் பார்த்து வாங்க

எங்க வயலுக்குப் பாய்வது தடப்பள்ளி வாய்க்கால் தண்ணி. கொடிவேரியில் பவானி ஆற்றிலிருந்து பிரிந்து வருகிறது. நாற்பது வருசமா அந்தத் தண்ணியில் நெல்லும் மஞ்சளும் விளைவித்த நான், அது வரும் மலையைப் பார்த்தது போன மாசி மாசம்தான்.

நீலகிரியின் தென்மேற்கில் பிறக்கும் பவானி, கேரளத்து அட்டப்பாடிக்குள் இறங்கித் திரும்பவும் நம் பக்கம் வருகிறது. பிறகு மேட்டுப்பாளையம், பவானிசாகர், கொடிவேரி தாண்டி, கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. நான் போனது அவலாஞ்சிக்கு. அங்கே ஓடும் தண்ணி குந்தா ஆறாகி பவானிக்குத்தான் வருகிறது.

மழை நின்று பல வாரம் ஆகியும் ஓடை சலசலன்னு ஓடிக்கிட்டிருந்தது. அடியில் கிடக்கிற கூழாங்கல் எல்லாம் தெரியுது. மழையில்லாத நாளில் இவ்வளவு தண்ணி எங்கிருந்து வருது?

பதில் கரையிலேயே இருந்தது. மேட்டில் புல்வெளி, மடிப்பில் சோலைக்காடு. மழைத்துளி நேராகத் தரையை அடிப்பதில்லை. இலையிலும் பாசியிலும் பட்டு, சருகில் இறங்கி, மக்கிய மண்ணுக்குள் போகிறது. மூடுபனியும் இலையில் படிந்து சொட்டுகிறது. மண் அத்தனையும் குடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகிறது. நாம வயலில் போடுகிற மூடாக்கு செய்யும் வேலையேதான்!

திரும்பும் வழியில் ஒரு மழை பிடித்தது. கீழே இரண்டு ஓடைகள் கூடும் இடத்தில் நின்று பார்த்தேன். சோலைப் பக்கத்து ஓடை தெளிவு. கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்ட சரிவிலிருந்து வந்தது டீத்தண்ணி நிறம். வெறுமனே கிடந்த மேல்மண் கரைந்து போகிறது.

அந்த விவசாயியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லைங்க. பதினைந்து வருசம் முன்பு வரை நானும் களைக்கொல்லி அடித்தவன்தான். என் வயலின் வடிகால் தண்ணியும் கடைசியில் பவானிக்குத்தான் போகுது. எனக்குக் கீழேயும் குடிக்கிற ஆட்கள் இருக்காங்க என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மலையாறு பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை:

• அனுமதி உள்ள இடத்தில், ஆழமில்லாத ஓடையில் ஒரு கல்லை மெதுவாகப் புரட்டிப் பாருங்கள். மணலால் கூடு கட்டிய புழுவும், வாலில் முடிபோல் நீண்ட தட்டைப் பூச்சியும் ஒட்டியிருந்தால் தண்ணி நன்றாக இருக்கிறது என்று பொருள். வண்டல் படிந்தாலும் விஷம் கலந்தாலும் இவை சீக்கிரம் மறைந்துவிடும். பார்த்ததும் கல்லைப் பழையபடியே வையுங்கள். அது அவற்றின் வீடு.

• சோப்பு, ஷாம்பு, எண்ணெய் வேண்டாம்.

• தண்ணி திடீரென்று கலங்கினால் உடனே கரையேறுங்கள். மேலே எங்கோ மழை பெய்கிறது.

• மழை முடிந்ததும் ஓடையின் நிறத்தைப் பாருங்கள். மேலே மண் எப்படி இருக்கிறது என்று அது காட்டிவிடும்.

ஊர் திரும்பியதும் மஞ்சள் காட்டில் விட்டுப்போன இடத்திலெல்லாம் மூடாக்குப் போட்டேன். அடுத்த மழைக்கு வடிகாலில் நின்று பார்த்தேன். முழுசாத் தெளியவில்லை. ஆனாலும் முன்பு போல் செம்மண் குழம்பாக ஓடவில்லை.

உங்க வடிகால் தண்ணி என்ன நிறத்தில் போகுது? ஒரு மழைக்கு நின்று பாருங்க.