ஜன்னலை அடைப்பது கூரைக்காக

அட்லாண்டிக்கில் எழுந்த புயல் ஃபுளோரிடா பக்கம் திரும்புகிறது என்று செய்தி வந்ததும் அங்குள்ள ஹார்டுவேர் கடைகளில் சீக்கிரம் தீர்ந்துபோகிற சரக்குகளில் ஒன்று ப்ளைவுட். எட்டடிக்கு நாலடிப் பலகைகளை வண்டியின் தலையில் கட்டிக்கொண்டு போவதையும், ஏணி போட்டு ஜன்னல் ஜன்னலாக அடைப்பதையும் தொலைக்காட்சியில் நாமும் பார்த்திருக்கிறோம். கண்ணாடி உடையாமல் இருக்க, மழைத் தண்ணீர் உள்ளே அடிக்காமல் இருக்க என்று நினைத்துக்கொள்வோம். அதுவும் சரிதான். ஆனால் காற்றைப் படித்த ஒரு கட்டடப் பொறியாளரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் கூரையைப் பற்றித்தான் பேசத் தொடங்குவார்.

காற்று சுவரில் மோதித் தரும் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடியாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகக் காற்று ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 156 கிலோ எடையைச் சாய்த்து வைத்ததற்குச் சமமாக அழுத்துகிறது. அது காற்றை நேராக வாங்கும் சுவருக்கு. அதே காற்று கூரையின் விளிம்பில் திரும்பும்போது கூரையோடு ஒட்டிப் போக முடியாமல் பிரிந்து எழும்புகிறது. பிரிந்த இடத்தில் அழுத்தம் சரிந்து கூரை மேலே இழுக்கப்படும். விளிம்பை ஒட்டிய பகுதியில் இந்த இழுப்பு, முன்சுவர் வாங்கும் அழுத்தத்துக்குச் சமமாகவே இருக்கலாம். மூலைகளில் அதையும் தாண்டும். பக்கச் சுவர்களும் பின்சுவரும் இதேபோல் வெளிப்பக்கம் இழுபடுகின்றன. புயலில் ஒரு வீடு ஒரு பக்கம் தள்ளப்பட்டு, மற்ற எல்லாப் பக்கமும் இழுக்கப்பட்டு நிற்கிறது.

வீடு மூடியிருக்கும் வரை உள்ளே இருக்கிற காற்று இந்தச் சண்டையில் அதிகம் கலந்துகொள்வதில்லை. எதிர்க்காற்றுப் பக்கத்தில் ஒரு ஜன்னல் உடைந்தால் கதை மாறுகிறது. வெளியே சுவரைத் தள்ளிக்கொண்டிருந்த அழுத்தம் அப்படியே உள்ளே நுழைந்து கூரையை அடியிலிருந்து தள்ளும். மேலிருந்து இழுப்பு, கீழிருந்து தள்ளல்.

இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? வீட்டுக்குள் 500 கன மீட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 180 கிலோமீட்டர் காற்றின் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தில் வெறும் ஒன்றரை சதவீதம். அப்படியானால் உள்ளிருக்கும் காற்றை அந்த அளவுக்கு அழுத்த, கூடுதலாக ஏழெட்டு கன மீட்டர் காற்று புகுந்தாலே போதும். ஒரு சதுர மீட்டர் ஓட்டை வழியாக நொடிக்கு 30, 40 மீட்டர் வேகத்தில் பாய்கிற காற்றுக்கு இது கால் நொடி வேலை. கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டு வீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பதற்குள் கூரைக்கு வேலை வந்துவிடும். புகுந்த காற்று உடனே அடங்குவதும் இல்லை. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் உள்ளே இருக்கும் காற்று துடித்து ஒலி எழுப்புமே, அதே துடிப்பு வீட்டுக்குள்ளும் நடக்கும். காதுக்குக் கேட்காத அளவு மெதுவான துடிப்புதான். ஆனால் அதன் உச்சத்தில் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தையும் தாண்டக்கூடும்.

அமெரிக்கக் கட்டட விதிகள் இந்த வித்தியாசத்தை ஒரு எண்ணாகவே எழுதி வைத்திருக்கின்றன. மூடிய கட்டடத்துக்கு உள்ளழுத்தக் கெழு, அதாவது காற்றழுத்தத்தில் உள்ளே சேரும் பங்கு, 0.18; ஒரு பக்கம் திறந்துபோன கட்டடத்துக்கு 0.55. மூன்று மடங்கு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 180 கிலோமீட்டர் காற்றில் கூரை விளிம்பின் வெளி இழுப்பு சதுர மீட்டருக்கு 156 கிலோ என்று கொண்டால், மூடிய வீட்டில் மொத்தத் தூக்கல் 184 கிலோ, ஜன்னல் போன வீட்டில் 242 கிலோ. அங்கே வழக்கமான மரச்சட்டக் கூரை சதுர மீட்டருக்கு 70 கிலோவுக்கு மேல் போவது அரிது. அதைக் கழித்தால் மீதி 114, அல்லது 172. அந்த மீதியை ஆணிகளும் தகரப் பட்டைகளும்தான் பிடித்து நிறுத்தியாக வேண்டும். ஒரு ஜன்னல் போனதற்கு அவற்றின் சுமை ஒன்றரை மடங்காகிவிட்டது.

இந்தப் பாடத்தை உலகுக்குக் கற்றுக்கொடுத்த ஊர் ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கும் டார்வின். 1974 கிறிஸ்துமஸ் நாள் அதிகாலையில் டிரேசி புயல் அந்த ஊரைக் கடந்தது. விமான நிலையத்தின் காற்றுமானி மணிக்கு 217 கிலோமீட்டரைக் காட்டிவிட்டுச் செயலிழந்தது. ஊரின் பெரும்பாலான வீடுகள் போயின. சேதத்தை ஆராயப் போனவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகப் பொறியாளர் ஜார்ஜ் வாக்கர். அவர் கண்டவற்றில் இரண்டு விஷயங்கள் பின்னர் விதிகளாயின. ஒன்று, தகரக் கூரை ஒரே அடியில் பிய்ந்து போகவில்லை. மணிக்கணக்கில் மேலும் கீழும் ஆடி, ஸ்க்ரூவைச் சுற்றித் தகரம் களைத்து விரிசல் விட்டு, பிறகே பிய்ந்தது. இரண்டாவது, அப்படிப் பிய்ந்த தகரமும் சட்டமும் பறந்து போய் அடுத்த வீட்டு ஜன்னலை உடைத்தன. அந்த வீட்டில் காற்று புகுந்து அதன் கூரையும் கிளம்பியது. அதன் சட்டங்கள் அதற்கடுத்த வீட்டுக்கு. தெருவில் ஒரு வீடு பலவீனமாக இருந்தால் போதும், நன்றாகக் கட்டிய வீடுகளும் வரிசையாகப் போகும். 1977இல் டவுன்ஸ்வில் நகரில் அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கிய புயல் சோதனை நிலையம் இன்றும் இயங்குகிறது.

ஃபுளோரிடா இதே பாடத்தைத் தன் செலவில் படித்தது. 1992 ஆகஸ்ட் 24 விடியற்காலையில் ஆண்ட்ரூ புயல் மியாமிக்குத் தெற்கே கரையேறியது. 25,000 வீடுகளுக்கு மேல் அழிந்தன. சேதமானவை ஒரு லட்சத்துக்கு மேல். தேசியப் புயல் மையத்தின் கூரையில் இருந்த ரேடாரையே காற்று பெயர்த்துப் போட்டது. பல வீடுகளில் முதலில் தோற்ற இடம் கார் ஷெட்டின் அகலக் கதவு. இரண்டு கார் நுழையும் அகலத்துக்கு மெல்லிய தகடு. அது உள்ளே மடங்கியதும் எந்த ஜன்னலையும்விடப் பெரிய வாசல் காற்றுக்குக் கிடைத்துவிட்டது. தெருப் பலகைகள்கூட மிஞ்சாததால் மக்கள் வீட்டுச் சுவரிலும் பலகையிலும் தங்கள் முகவரியையும் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரையும் பெயிண்டால் எழுதி வைத்தார்கள். இழப்பைக் கணக்கெடுக்க வருபவர் வேறு எப்படி வீட்டைக் கண்டுபிடிப்பார்?

அதன் பிறகு தெற்கு ஃபுளோரிடா கொண்டுவந்த சோதனை வேடிக்கையானது. ஜன்னல் மறைப்பு எதுவானாலும் அதைப் பீரங்கிக்கு முன் நிறுத்த வேண்டும். பீரங்கி காற்றழுத்தத்தால் இயங்குவது. குண்டு, அமெரிக்கத் தச்சர்கள் வீடு கட்டப் பயன்படுத்தும் 'இரண்டுக்கு நாலு' மரக்கட்டை. எடை நாலு கிலோவுக்குச் சற்று அதிகம். வேகம் நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 55 கிலோமீட்டர். புயல் வேகத்துக்கு இது குறைவாகத் தோன்றலாம். கனமான கட்டை காற்றின் முழு வேகத்தை எட்டுவதற்குள் எதிலாவது மோதிவிடும் அல்லது தரையில் விழுந்துவிடும். உயரமான மாடிகளுக்கு வேறு குண்டு: இரண்டு கிராம் எஃகு உருண்டைகள், நொடிக்கு 40 மீட்டரில். 1983இல் அலிஷியா புயலின்போது ஹூஸ்டனில் மொட்டை மாடிகளில் பரப்பியிருந்த சரளைக்கல் பறந்து பக்கத்துக் கோபுரங்களின் கண்ணாடிகளை உடைத்த அனுபவம் அதன் பின்னணியில் இருக்கிறது. குண்டடி முடிந்தால் சோதனை முடியவில்லை. அடிபட்ட அதே மறைப்பை ஆயிரம் முறைக்கு மேல் தள்ளியும் இழுத்தும் பார்ப்பார்கள். விரிசல் இருக்கலாம், பள்ளம் இருக்கலாம். காற்று புகும் வாசல் மட்டும் திறக்கக் கூடாது.

கையில் ப்ளைவுட் மட்டும் இருக்கிற வீட்டுக்காரருக்கு வருவோம். சாதாரணப் பலகையை வைத்தால் பறந்து வரும் கட்டை அதை நாரோட்டத்திலேயே பிளந்துவிடும். மரம் நாரின் போக்கில் எளிதில் பிளக்கும், குறுக்கே பிளக்காது. ப்ளைவுட்டில் மெல்லிய மரத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்று நாரோட்டம் குறுக்கும் நெடுக்குமாக மாறி வரும்படி ஒட்டியிருக்கிறார்கள். எந்தத் திசையில் பிளவு ஓடினாலும் அடுத்த தாளின் நார்களை அறுக்காமல் அது நகர முடியாது. விதி கேட்கும் குறைந்த கனம் 11 மில்லிமீட்டர். 16 மில்லிமீட்டர் போடச் சொல்லும் அரசு வழிகாட்டிகளும் உண்டு. எட்டடிப் பலகை ஒன்று அந்தக் கனத்தில் 25 கிலோவுக்குக் குறையாது. காற்று கிளம்பிய பிறகு அதை ஏணியில் தூக்குவது விரித்த கப்பல் பாயைப் பிடித்துக்கொண்டு ஏறுவதற்குச் சமம். அளவெடுத்து அறுப்பது, துளை போடுவது, எந்தப் பலகை எந்த ஜன்னலுக்கு என்று எண் எழுதி வைப்பது எல்லாம் வெயில் காலத்திலேயே முடிய வேண்டும்.

அவசரத்தில் பலர் ஆணி அடித்துவிடுவார்கள். பலகையைக் காற்று சுவரோடு அழுத்தித்தானே வைக்கும், எதற்கு ஸ்க்ரூ என்ற நினைப்பு. பக்கச் சுவர்கள் வெளியே இழுபடுவதை மேலே பார்த்தோம். அந்தப் பக்கத்துப் பலகையை, முழு அளவுப் பலகையானால், காற்று 450 கிலோ வரை பிய்க்கப் பார்க்கும். தொடர்ச்சியாகவும் அல்ல, விட்டு விட்டு. வழவழப்பான ஆணி ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். ஸ்க்ரூவின் மரை மரத்தைக் கவ்விக்கொள்ளும். ஓரத்தைச் சுற்றி ஓரடிக்கு ஒரு ஸ்க்ரூ என்று 24 போட்டால் ஒன்றுக்கு 20 கிலோகூட வராது. ஆனால் அவை சுவரின் மேல்பூச்சிலோ ஜன்னல் சட்டத்திலோ ஏறியிருந்தால் பயனில்லை. உள்ளே இருக்கும் கட்டுமான மரத்தையோ, தெற்கு ஃபுளோரிடாவில் மிகுதியாக உள்ள கான்கிரீட் பிளாக் சுவரில் ஆங்கரையோ பிடித்திருக்க வேண்டும். புயலின் கண் கடந்ததும் காற்று எதிர்த்திசையில் அடிக்கும் என்பதால், பின்பக்க ஜன்னலை விட்டுவிடலாம் என்ற கணக்கும் செல்லாது.

கண்ணாடியில் பெருக்கல் குறி போட்டு டேப் ஒட்டுவதைப் பற்றி ஒரே வரி போதும்: அது கண்ணாடியை உடையாமல் காக்காது, உடையும்போது பெரிய பெரிய துண்டுகளாக விழவைக்கும். காற்று வெளியேற ஒரு ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்கிற பழைய யோசனைக்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம். அதன் பின்னால் ஓர் உண்மையான கேள்வி இருக்கிறது. ஆண்ட்ரூவின் மையத்தில் அழுத்தம் 922 மில்லிபார். இயல்பைவிட ஏறத்தாழ 90 மில்லிபார் குறைவு. வெளியே இவ்வளவு குறைந்து உள்ளே குறையாமல் இருந்தால் சுவர் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 900 கிலோ அளவுக்கு வெளியே தள்ளப்படும். எந்த வீடும் நிற்காது. வீடுகள் அதனால் வெடிப்பதில்லை, ஏனென்றால் அந்தக் குறைவு மணிக்கணக்கில் வருகிறது. கதவிடுக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன் துளை வழியாகவே உள்ளழுத்தம் கூடவே இறங்கிவிடும். காற்று வீசாத பக்கத்தில் திறந்தால் கூரைக்குச் சற்று நல்லது என்பதும் கணக்கில் உண்மைதான். காற்று திரும்பிய நிமிடத்தில் அதே ஜன்னல் எமனாகும்.

நம் கடற்கரையில் ஏன் இந்தப் பழக்கம் வேரூன்றவில்லை என்று கேட்கலாம். ஒரு காரணம் எடை. 12 சென்டிமீட்டர் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோ. மேலே போட்ட கணக்கின் 242 கிலோ அதை அசைக்காது. தளம் போட்ட வீட்டுக்காரருக்கு ஜன்னல் போனால் கண்ணாடியும் கட்டில் மெத்தையும் போகும், தலைக்கு மேல் இருப்பது இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் சீட், தகரம், ஓடு வேய்ந்த வீடுகளுக்கு இந்த ஆறுதல் கிடையாது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது கூரை இழந்தவற்றில் இப்படிப்பட்ட வீடுகளும் உண்டு. அங்கே கதவும் ஜன்னலும் தாழிட்டு நிற்பது கூரைக்கு நேரடி உதவி.

எல்லாம் செய்தும் ஒரு ஜன்னல் உடைந்துவிட்டால், அல்லது தீப்பிடித்த வீட்டில் தீயணைப்புப் படையே உடைத்திருந்தால், அவசர அடைப்பு வேறு வகை. ஈரமான சுவரில் ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். திறந்து கிடக்கும் வீட்டில் திருடனும் நுழைவான். நிலைச்சட்டமே கருகியோ நொறுங்கியோ இருந்தால் ஸ்க்ரூ ஏற இடமிருக்காது. அதற்கு அமெரிக்காவில் ஒரு நேர்த்தியான முறை வைத்திருக்கிறார்கள். திறப்பைவிட நீளமான இரண்டு 'இரண்டுக்கு நாலு' கட்டைகளை வீட்டின் உட்புறம் குறுக்கே வைத்து, வெளியே ப்ளைவுட்டை வைத்து, இரண்டையும் துளைத்து நீள போல்ட் செலுத்துகிறார்கள். போல்ட்டின் தலை வெளியே வழவழப்பான குமிழ். ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் அதைப் பிடிக்காது. நட்டும் வாஷரும் உள்ளே. நட்டை முடுக்க முடுக்க, பலகையும் கட்டையும் நடுவில் சுவரை இடுக்கிபோலப் பிடித்துக்கொள்கின்றன. சுவரில் ஒரு துளைகூடப் போடவில்லை. வெளியிலிருந்து இழுத்தால் கட்டை சுவரில் முட்டி நிற்கும். தள்ளினால் பலகை முட்டி நிற்கும்.

இந்த முறை ஆளில்லாத வீட்டுக்கானது. ஆள் தங்கும் வீட்டில் உள்ளிருந்து திறக்கும் ஒரு வழியாவது விட வேண்டும், தீப்பிடித்தால் ஓடுவதற்கு. புயல் போன பிறகு மின்சாரம் இல்லாமல் ஜெனரேட்டர் ஓட்டுவோர் அதை வீட்டுக்குள்ளோ கார் ஷெட்டிலோ வைத்து, கார்பன் மோனாக்சைடால் இறந்துபோவது அமெரிக்கப் புயல்கள் பலவற்றின் கணக்கில் வருகிறது. ஜெனரேட்டர் எப்போதும் வெளியே, வீட்டிலிருந்து தள்ளி. பலகைகளையும் காற்று அடங்கியதும் கழற்றி, எண் அழியாமல் அடுக்கி வைத்துவிடுவது வழக்கம். அடுத்த ஜூன் முதல் தேதி புயல் பருவம் மறுபடி தொடங்கும்.