வண்டி விற்போர் பண்பும் வாங்குவோர் தேர்வும்

மோட்டார் வண்டி வாங்க எண்ணும் ஒருவர் முதற்கண் செய்வது யாது? தம் கையிருப்பைக் கணக்கிடுகின்றார். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று வினவுகின்றார். முன்னரே வாங்கிய உறவினரையும் அண்டை வீட்டாரையும் கலந்துகொள்கின்றார். பின்னர், இன்ன கம்பெனியின் இன்ன வண்டியே வாங்குவதென உறுதி செய்துகொண்டு மனைவி மக்களோடு புறப்படுகின்றார். ஆயினும் மாலையில் அவர் வேறொரு கம்பெனி வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டுத் திரும்புதல் நாம் காணாத காட்சியன்று. காரணம் கேட்பின், "அந்தக் கடையில் உட்காருங்கள் என்று சொல்லவும் ஆள் இல்லை, இந்தக் கடையிலோ கேட்டதற்கெல்லாம் பொறுமையாய் விடை சொன்னார்கள்" என்பார். இதனைக் கேட்டு நகைப்போர் உளர். பல லட்சம் ரூபாய் பெறுமதியுள்ள பொருளை ஒருவனுடைய இன்சொல்லுக்காக வாங்குவதோ என்பர். வாங்கியவர் பேதையோ, நகைத்தவர் பேதையோ என்பதே இவ்வியாசத்தில் நாம் ஆராயப் புகுந்த பொருளாகும்.

உழவர் மாடு பிடிக்கும் முறையை நோக்குக. பல்லைப் பிடித்துப் பார்ப்பர்; சுழி பார்ப்பர்; நடக்கவிட்டும், ஏரிற் பூட்டியும் பார்ப்பர். மாட்டின் குணங் குற்றங்கள் பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாவன. மோட்டார் வண்டியோ அத்தகையதன்று. பளபளக்கும் தகட்டினுள்ளே அடங்கிக் கிடக்கும் எஞ்சின் ஐந்தாண்டுக்குப் பின் எந்நிலையில் இருக்கும், மின்கம்பிகள் ஐப்பசி மழையைத் தாங்குமா என்பனவற்றைக் கடையில் நின்று கண்டறிய ஒருவராலும் இயலாது. இவ்விடத்துக் கற்றவரும் கல்லாதவரும் ஒருநிலையினரே.

இந்நிலையை 1970-ஆம் ஆண்டில் ஜார்ஜ் அகர்லாப் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர், பழைய கார் வாணிகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். வண்டியின் குறையை விற்போன் அறிவான், வாங்குவோன் அறியான். அறியாதவன் அஞ்சி விலையைக் குறைத்தே கேட்பான். அவ்விலைக்கு நல்ல வண்டியுடையான் விற்க ஒருப்படான். ஆகவே நல்லன விலகப் பழுதுடையனவே சந்தையில் எஞ்சும் என்பது அவர் கருத்து. பழுதான காரை எலுமிச்சை என்று வழங்குவது அமெரிக்கர் வழக்காதலின், அவரும் தம் கட்டுரைத் தலைப்பில் அச்சொல்லையே வைத்தார். அவ்வாராய்ச்சியைப் பாராட்டி 2001-ஆம் ஆண்டில் மற்றிருவரோடு அவர்க்கும் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. புதுவண்டிக்கும் இஃது ஓரளவு பொருந்தும்.

இனி, காணாததைக் கண்டதைக்கொண்டு அறிதலை நம் தருக்க நூலார் அனுமானம் என்பர். மலைமேற் புகையைக் கண்டு ஆங்கே நெருப்புண்டென அறிவது அது. வண்டியின் உட்பொருளைக் காணமாட்டாதவர் அதனை விற்கும் மனிதரைக் காண்கின்றார். பணம் கையில் வாராமுன் எம்மை இங்ஙனம் நடத்துவோர், பணம் வந்தபின் எங்ஙனம் நடத்துவர் என்று எண்ணுகின்றார். இது பேதைமையன்று, அனுமானமே. ஆனால் மலைமேற் பனிமூட்டத்தையும் புகையென மயங்குதல் உண்டன்றோ? அதனைப் பின்னர்க் கூறுவோம்.

வாங்குவோர்க்குத் தேர்வு இல்லாவிடத்து இவ்வனுமானத்துக்கு வேலையில்லை. நம் நாட்டில் பல்லாண்டு அந்நிலையே இருந்தது. அம்பாஸடர், பிரீமியர் பத்மினி, சென்னையிற் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஆகிய சில வகைகளே கிடைத்தன. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கிற் காத்திருத்தல் வழக்கம்; ஸ்கூட்டருக்கும் அவ்வாறே. வண்டி கிடைத்ததே பேறு என்றிருந்த காலத்தில் விற்போர் முகமலர்ச்சியை எவர் எதிர்பார்த்தார்? 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. 1993-இல் கார்த் தொழிலுக்கு உரிமம் வேண்டுமென்னும் விதி நீங்கியது. 1998-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. ஒரே விலைக்கு மூன்று நான்கு கம்பெனியார் ஏறக்குறைய ஒத்த வண்டிகளை வைத்தபின்னரே, நாற்காலியும் குளிர்ந்த நீரும் 'வாருங்கள், ஐயா' என்னும் சொல்லும் வாங்குவோரை எதிர்கொண்டன. நற்பண்பு மனிதர் நெஞ்சில் ஊறுவது என்பர். வாணிகத்தில் அது போட்டியாலும் ஊறுகின்றது.

விற்போர் நடத்தை எத்துணை வலியுடையது என்பதற்கு அமெரிக்காவில் 1989-ஆம் ஆண்டில் நிகழ்ந்ததொன்று சிறந்த சான்று. ஜப்பானியராகிய டொயோட்டாக் கம்பெனியார் அவ்வாண்டு லெக்ஸஸ் என்னும் புதுப்பெயரோடு செல்வர்க்குரிய காரொன்றை ஆங்கு விற்கத் தொடங்கினர். ஜெர்மானியக் காரையே உயர்வெனக் கொண்டிருந்தோர் ஜப்பானியர் காருக்கு அவ்வளவு பொருள் கொடுப்பரோ என்பது பலர் ஐயம். விற்பனை தொடங்கிச் சில திங்களே ஆகியிருந்த டிசம்பரில் இரண்டு முறையீடுகள் வந்தன. ஒன்று மின்கம்பிக் கோளாறு, மற்றொன்று தடைவிளக்கு மிகச் சூடாதல். விற்றிருந்த கார்கள் ஏறத்தாழ 8,000. புதுப்பெயருக்கு இஃது இடிபோன்றது. கம்பெனியார் அதனை மறைக்கவுமில்லை, வாடிக்கைக்காரரை அலையவிடவுமில்லை. அத்தனை கார்களையும் திரும்ப அழைப்பதாகத் தாமே அறிவித்துத் தம் ஆட்களை வீடுதோறும் அனுப்பினர். அவர்கள் காரை எடுத்துச் சென்று, பழுது நீக்கி, பொருள் யாதும் பெறாது கொண்டுவந்து விட்டனர். தொலைவிடத்தில் வாழ்வோர்க்காகத் தொழிலாளரை விமானத்தில் அனுப்பி, அவ்வூர்களிற் கொட்டகை வாடகைக்குப் பிடித்தும் வேலை செய்தனர். இருபது நாளில் யாவும் முடிந்தன. பழுதால் அழியவேண்டிய பெயர் அப்பழுதைத் தீர்த்த முறையாலேயே நிலைபெற்றது. ஒன்றை இங்கே குறிக்கவேண்டும்: அவர்கள் செய்தது புன்சிரிப்பன்று, பெரும் பொருட்செலவு.

மதியாமையின் பயனையும் காண்போம். 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் கருநாடகத்துத் தும்கூரில் உழவர் ஒருவர் நண்பரோடு சரக்கு வண்டி வாங்கச் சென்றார். அவர் உடையை நோக்கிய விற்பனையாள், பத்து லட்ச ரூபாய் வண்டிக்கு வந்த உம்மிடம் பத்து ரூபாயும் இராது என்னும்படி இகழ்ந்தார் என்பது செய்தி. உழவர் ஒரு மணி நேரத்திற்குள் பத்து லட்சத்தையும் கொண்டுவந்து, வண்டியை இன்றே கொடும் என்றார். கொடுக்க இயலவில்லை. வழக்குப் போலீஸ் நிலையம் வரை சென்று, ஈற்றில் மன்னிப்பு வேண்டப்பட்டது. வண்டியும் சில நாளில் அவர் கைக்கு வந்தது. நாடறிந்த செய்தியாதலின் இது தீர்வு கண்டது. கையிற் பணம் இருந்தும் ஒன்றும் பேசாது படியிறங்கிச் சென்ற உழவரும் பெண்டிரும் எத்துணைப் பேரோ!

இத்தகைய வேற்றுமை சொல்லளவில் நில்லாது விலையிலும் புகும். 1991-ஆம் ஆண்டில் இயன் அயர்ஸ் என்னும் சட்ட அறிஞர், சிகாகோ நகரத்து விற்பனை நிலையங்கட்கு ஒரே வகையாகப் பேசப் பயிற்றிய ஆட்களை அனுப்பிச் சோதித்தார். விலை பேசி முடிந்தவிடத்து, வெள்ளை ஆடவரிடம் விற்போர் வைத்த இலாபத்தினும் வெள்ளை மகளிரிடம் நூற்றுக்கு நாற்பது பங்கு மிகுதியாயிருந்தது. கறுப்பின ஆடவரிடம் இருமடங்குக்கு மேலும், கறுப்பின மகளிரிடம் மும்மடங்குக்கு மேலும் இருந்தது. பேரம் பேசும் வழக்கம் வல்லோர்க்கே இனியது. அந்நாட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1990-இல் விற்கத் தொடங்கிய சாட்டர்ன் என்னும் கார் யாவர்க்கும் ஒரே விலை, பேரமில்லை என்னும் முறையால் மக்கள் மனத்தைக் கவர்ந்தது. டென்னஸி மாகாணத்திலுள்ள தொழிற்சாலையில் 1994-இல் நடந்த விழாவிற்குக் கார் வாங்கிய பல்லாயிரவர் குடும்பத்தோடு வந்து கூடினர். எனினும் புதிய வகைகளைக் காலத்தில் ஆக்கித் தாராமையால் விற்பனை தளர, 2010-இல் அப்பெயரே மறைந்தது. விற்போர் பண்பு வாங்குவோரை ஒருமுறை அழைத்துவரும். வண்டி வண்டியாயிராவிட்டால் மறுமுறை அழைத்துவாராது.

எனினும் நம் நாட்டில் பெரும்பாலார்க்கு இன்றியமையாதது விற்பனை நாளின் உபசாரமன்று. அதன் பின் வரும் ஐந்தாறு ஆண்டின் உதவியே. கடன் பெற்றுச் சிறு சரக்கு வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒருவரை எண்ணுக. வண்டி பழுதாகின்றது. பட்டறை அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் மாவட்டத் தலைநகரில் உளது. இழுத்துச் சென்றால், உதிரிப் பாகம் வரப் பத்து நாளாகும் என்கின்றனர். பத்து நாளும் அவர்க்கு வருவாயில்லை. ஆனால் மாதத் தவணை தேதி தவறாது வந்து நிற்கும். இரண்டு தவணை தவறினால் வண்டி நிற்பது எவர் வாயிலில் என்பதைக் கூறவேண்டுவதில்லை. இதனை அறிந்தவர், ஊருக்கு அருகில் பட்டறையுள்ள கம்பெனி வண்டியையே வாங்குகின்றார். அஃது எஞ்சின் வலியில் ஒரு படி தாழ்ந்ததாயினும் அவர் தேர்வு சரியே.

இக்கருத்தை நம் தமிழ்நாட்டில் நெடுநாட்கு முன்னரே உணர்ந்தவர் மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்கார் (1877-1955). அவர் 1912-ஆம் ஆண்டில் பஸ் போக்குவரவு தொடங்கிப் பின்னரே ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்கும் நிலைக்கு வந்தார். தாமே பஸ் ஓட்டியவராதலின், நின்றுபோன வண்டி உடையவனுக்கு என்ன நட்டம் விளைக்கும் என்பது அவர்க்கு ஏட்டறிவன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் கிடையாது வண்டிகள் முடங்கியபோது, எரிவாயுவால் அவற்றை ஓட்டும் கருவியொன்றைத் தம் நிலையத்திற் செய்து அளித்தார். வண்டியை விற்றாயிற்று, ஓடினாலென்ன நின்றாலென்ன என்று அவர் இருந்திருக்கலாம்.

பிற்காலத்தில் இவ்வச்சம் கம்பெனிகளின் போக்குவரவாலும் மிகுந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகரில் தொழிற்சாலை வைத்திருந்த போர்டு கம்பெனியார் 2021 செப்டம்பரில் இந்நாட்டில் வண்டி செய்வதை நிறுத்துவதாக அறிவித்தனர். பழுதுபார்த்தலும் உதிரிப் பாகங்களும் தொடரும் என்று அவர்கள் உறுதி கூறினும், ஓட்டுவதற்கு நல்லதெனப் பெயர்பெற்ற வண்டிகளை வைத்திருந்தோர் கலங்கினர். மற்றொரு பக்கத்தில், உதிரிப் பாகங்களை வெளிப் பட்டறைகளுக்குத் தாராது தம் கையிலேயே கட்டி வைத்தனர் என்று 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார்க் கம்பெனிகளுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனியார் அதனை எதிர்த்து வழக்காடினர். வழக்கு எங்ஙனமாயினும், பழுது பார்க்கும் உரிமை ஒருவர் கையிலேயே இருக்குமாயின் அவர் பண்பே நமக்குக் கதி என்பது தெளிவு.

இனிப் பனிமூட்டத்துக்கு வருவோம். வண்டி கொடுக்கும் நாளில் மாலையிட்டு, கேக்கு வெட்டி, பெரிய சாவியொன்றைக் கையிற் கொடுத்துப் படம் எடுக்கின்றனர். சிறுவர் மகிழ்கின்றனர், நாமும் அதனை வெறுக்கவில்லை. ஆனால் இதற்கு விற்போர்க்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். விற்பனையாளின் ஊதியமோ எத்தனை வண்டி விற்றார் என்பதை ஒட்டியது. பழுதுபார்க்கும் இடத்தில் அவரைக் காணல் அரிது. அவர் இன்சொல்லின் ஊடே, வேண்டாத விரிப்பும் மெழுகும் பட்டியலிற் சேர்தலும் உண்டு. இன்ஷூரன்ஸை எம்மிடமே எடுக்கவேண்டும் என்பாரும் உளர். விரும்பிய கம்பெனியிடம் அதனை எடுக்க வாங்குவோர்க்கு உரிமையுண்டு. பின்னர்க் கம்பெனியிலிருந்து தொலைபேசியில் வினவுவர், "பத்துக்குப் பத்து என்று சொல்லிவிடுங்கள், ஐயா" என்று கேட்டுக்கொள்கின்றனர். ஆசிரியரே விடையைச் சொல்லிக்கொடுத்து நடத்தும் பரீட்சையின் மதிப்பு நம் கல்லூரி மாணவர் அறியாததன்று.

செலவில்லாத உபசாரத்தை எவரும் செய்யலாம், தீயவரும் செய்வர். விற்போர்க்குச் செலவும் இழப்பும் தருவன எவையோ அவையே புகை. வேலைக்கு முன்னரே ஆகும் தொகையை எழுத்திற் கொடுத்தலும், கழற்றிய பழைய பாகத்தை உடையவர் கையிற் காட்டுதலும், சொன்ன நாளில் வண்டியைத் தருதலும், தவறினால் கேளாமுன் தாமே அறிவித்தலும் அத்தகையன. "இந்த வேலை இப்போது வேண்டாம், இன்னும் ஆறு மாதம் ஓடும்" என்று சொல்லித் தம் வருவாயைத் தாமே குறைத்துக்கொள்ளும் மெக்கானிக் ஒருவர் உள்ள பட்டறை, விளம்பரத்தாள் நூற்றினும் மேலானது.

ஆதலின் வண்டி வாங்குவோர் விளக்கொளி மிக்க முன்கட்டில் மட்டும் நின்று மயங்காது, அதன் பின்கட்டிலோ ஊர்ப்புறத்திலோ உள்ள பட்டறை வாயிலுக்கு ஒருநாள் மாலை ஐந்து மணியளவிற் செல்வாராக. தம் வண்டியை எடுத்துச் செல்ல வந்தோர் அங்கே காத்திருப்பர். என்றைக்குத் தருவதாகச் சொன்னார்கள், எவ்வளவு ஆகுமென்றார்கள், எவ்வளவு ஆயிற்று என்று மூவரைக் கேட்டால் போதும். கேளாத மற்றவரும் தாமே வந்து கூறுவர்.