ஸ்பிரிங்கை வெட்டாதீங்க, ப்ளீஸ்!

வருஷத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமை ரேஸ் டிராக். மிச்சம் 361 நாள் ஆபீஸ், காய்கறி மார்க்கெட், மாமியார் வீடு. இரண்டுக்கும் ஒரே கார். அதுவும் மாசா மாசம் தவணை கட்டுகிற கார்!

இப்படிப்பட்ட ஆசாமி ஒருவராவது இப்போது எல்லா ஆபீஸிலும் இருக்கிறார். 'டிராக் டே' என்றால் ரேஸ் என்று நினைத்துவிடாதீர்கள். காசைக் கட்டி, ஹெல்மெட்டை மாட்டி, சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்கலாம். கப்பு கிடையாது, மாலை கிடையாது. ஒரு காலத்தில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடக்கும். நமக்கு வேடிக்கை பார்க்க மட்டும் பாக்கியம். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தது. 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவு. கோவைக்காரர்களுக்குச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது.

எங்கள் மாடி வீட்டுப் பையனுக்கு இந்தக் காய்ச்சல் போன வருஷம் வந்தது. கார், 2018 மாடல் ஸ்விஃப்ட். எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. முதல் டிராக் டே முடிந்து வந்தவன், "அண்ணா, வளைவுல வண்டி கப்பல் மாதிரி சாயுது. ஸஸ்பென்ஷனை மாத்தியே ஆகணும்" என்றான். கையில் போனஸ் ஒரு லட்சத்து இருபதாயிரம். அவன் அம்மாவுக்கு முதுகில் டிஸ்க் பிரச்னை. மாசம் ரெண்டு தடவை அந்தக் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார். பட்ஜெட்டில் இந்த இரண்டாவது தகவலை அவன் எழுதியிருக்கவில்லை.

நான் பி.காம். எந்தச் செலவானாலும் 'இதனால் என்ன வரவு?' என்று கேட்காமல் இருக்க முடியாது. அதனால் ஒரு கணக்குப் போட்டேன்.

ஓட்டுநரோடு சேர்த்து வண்டி 950 கிலோ. எடையின் மையம் தரையிலிருந்து சுமார் 54 சென்டிமீட்டர். இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர். நல்ல ரோட்டு டயரில் வளைவை அழுத்தித் திருப்பினால், வண்டியின் எடையில் தொண்ணூறு சதவீதம் அளவுக்கு ஒரு விசை பக்கவாட்டில் இழுக்கும். பெருக்கி வகுத்தால், உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு ஏறக்குறைய 300 கிலோ இடம் மாறுகிறது.

எத்தனை லட்சத்துக்கு ஸ்பிரிங் வாங்கினாலும் இந்த 300 கிலோ குறையாது! எடை, உயரம், அகலம், வேகம் இவை மட்டும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. மூன்று சென்டிமீட்டர் காரைத் தாழ்த்தினால் மிச்சம் சுமார் 17 கிலோ. ஒரு அரிசிப் பை கூட இல்லை. "அப்ப எதுக்கு அண்ணா எல்லாரும் மாத்தறாங்க?" என்றான் பையன். நியாயமான கேள்வி.

முன் சக்கரத்தில் இருப்பது மேக்ஃபர்சன் ஸ்ட்ரட். அமெரிக்க எஞ்சினீயர் மேக்ஃபர்சன் கண்டுபிடித்தது. செலவு குறைவு, இடம் குறைவு என்று உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அதில் ஒரு சங்கடம். வளைவில் காரின் உடம்பு வெளியே சாயும்போது சக்கரமும் கூடவே சாய்கிறது. செருப்பின் ஓரத்தை மட்டும் தேய்த்து நடக்கிற ஆள் மாதிரி, டயர் வெளி ஓரத்தில் மட்டும் நிற்கிறது. மற்ற ரப்பருக்கெல்லாம் லீவு. இறுக்கமான ஸ்பிரிங் சாய்வைக் குறைத்து டயரைத் தரையோடு படிய வைக்கிறது. இருக்கிற பிடியை முழுசாகப் பயன்படுத்துவதுதான் வரவு.

அதே காரியத்தைப் பெரிய செலவில்லாமலும் செய்யலாம். சக்கரத்தின் மேல்பக்கத்தை ஒன்றரை, இரண்டு டிகிரி உள்ளே சாய்த்து வைப்பது. கேம்பர் என்பார்கள். ஸ்விஃப்ட்டில் ஸ்ட்ரட்டும் சக்கரத் தாங்கியும் சேருமிடத்தில் இரண்டு போல்ட் உண்டு. அதில் ஒன்றுக்குப் பதிலாக, திருகினால் சாய்வு மாறுகிற கேம்பர் போல்ட்டைப் போட்டுவிட்டு, விஷயம் தெரிந்தவரிடம் அலைன்மென்ட் செய்தால் போதும். "உள் ஓரம் தேஞ்சிடுமே" என்று பயப்படுவார்கள். கொஞ்சம் தேயும். டயரை உண்மையில் தின்பது கேம்பரைவிட டோ. இரண்டு முன் சக்கரமும் ஒன்றையொன்று பார்த்தோ முறைத்துக்கொண்டோ நிற்கிற அளவு அது. அதைச் சரியாக வைத்தால் டயர் பிழைக்கும்.

இதற்குள் பையன் ஒரு மெக்கானிக்கைப் பிடித்திருந்தான். அவர் யோசனை: "எதுக்கு தம்பி செலவு? இருக்கிற ஸ்பிரிங்கை ஒண்ணரை சுத்து வெட்டிடலாம். தாழவும் தாழும், டைட்டாவும் ஆகும்." இரண்டும் உண்மை! சுருள் குறைந்தால் ஸ்பிரிங் இறுகத்தான் செய்யும். ஆனால் உயரம் குறைந்த ஸ்பிரிங், சக்கரம் கீழே தொங்கும்போது தன் இருக்கையிலிருந்து நழுவலாம். வேகத் தடையில் துள்ளி இறங்கும்போது நழுவினால் என்ன ஆகும்? அதை டெஸ்ட் செய்து பார்க்க அந்த அம்மாவை உட்கார வைக்க முடியாது.

இன்னொன்று, ஷாக் அப்சார்பரின் தண்டில் பம்ப் ஸ்டாப் என்று ஒரு ரப்பர் கட்டை உண்டு. கம்பெனி ஷாக்கை வைத்துக்கொண்டு காரை மட்டும் நாலு சென்டிமீட்டர் தாழ்த்தினால், வண்டி எப்போதும் அந்தக் கட்டைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும். வளைவின் நடுவில் ஒரு சின்ன மேடு வந்தால் கட்டையில் முட்டும். அந்த நொடியில் ஸஸ்பென்ஷனே இல்லை. டயர் பிடியை விட்டுவிடும். மெயின் ஸ்ட்ரெய்ட் முடிந்து வருகிற முதல் வளைவில் இது நடந்தால் குலதெய்வத்தைக் கூப்பிடக்கூட நேரம் இருக்காது.

தரையையும் பார்க்க வேண்டும். கம்பெனி சொல்கிற கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர். நாற்பதைக் கழித்தால் 123. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத் தடை 100 மில்லிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். எங்கள் தெருவில் இருப்பதைக் கட்டியவர் அந்த விதியைப் படித்ததாகத் தெரியவில்லை. குறுகலான, கோபமான மேடு அது. நாலு பேர் ஏறின காருக்கு 123 எந்த மூலைக்கு?

அப்புறம் வந்தது காயில் ஓவர். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே செட்; திருகு வெட்டிய உடம்பு; உயரத்தை ஏற்றலாம், இறக்கலாம். கோட்டேஷன் கொடுத்த கடைக்காரர் ஜூஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"முப்பத்திரண்டு கிளிக் இருக்கு அண்ணா! எப்படி வேணா செட் பண்ணலாம்!"

"ஏசி ரிமோட்ல 24-ஐத் தவிர நீ எதையாவது தொட்டிருக்கியா?"

கோபித்துக்கொண்டான். ஆனால் விஷயம் அதுதான். அந்தத் திருகு பெரும்பாலும் ஸ்பிரிங் எம்பி எழும் வேகத்தைத்தான் கட்டுப்படுத்தும். ஒரு கிளிக் மாற்றி, ஓட்டி, எழுதி வைத்து, மறுபடி ஒன்று மாற்றி... நாலு ஞாயிற்றுக்கிழமைக்காரனுக்கு அதற்கு ஏது நேரம்? மேலும் அந்த செட்டில் முன் ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 6 கிலோ கேட்கும். இந்த மாதிரி ரோட்டு வண்டிகளில் சாதாரணமாக 2, 3 கிலோதான். அம்மாவின் டிஸ்க் இதற்கு என்ன கிளிக் சொல்லும்?

ரேஸ்தான் வாழ்க்கை, ரோட்டுக்கு வேறு வண்டி இருக்கிறது என்பவருக்கு நல்ல காயில் ஓவர் அருமையான சாமான். மலிவு செட் யாருக்கும் வேண்டாம். சென்னை உப்புக் காற்றில் அந்தத் திருகு இரண்டே மழைக்காலத்தில் துருவேறி இறுகும். பிறகு வாழ்நாள் முழுக்க ஒரே உயரம்தான்.

கப்பல் மாதிரி ஆடியதற்கு நிஜக் காரணம் வேறு: எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஷாக். ஸ்பிரிங் ஒரு ஊஞ்சல் மாதிரி. தள்ளினால் ஆடிக்கொண்டே இருக்கும். பிடித்து நிறுத்துகிற கைதான் ஷாக். உள்ளே எண்ணெய் சின்னத் துவாரங்களில் நுழைந்து, ஆட்டத்தைச் சூடாக மாற்றுகிறது. பழசாகிக் கசிந்தால் கை தளர்ந்துபோகும். டிராக்கில் சூடேறினால் எண்ணெய் நுரைத்து இன்னும் தளரும். கேஸ் அடைத்த நல்ல ஷாக் நாலு போட்டு, கம்பெனி ஸ்பிரிங்கையே வைத்துக்கொண்டாலே பாதி வியாதி தீரும். அம்மாவுக்கும் சுகம்.

பின்பக்கத்துக்கு ஆன்ட்டி ரோல் பார் போடலாமா என்றான். சுவாரசியமான கம்பி! இரண்டு சக்கரமும் சேர்ந்து மேட்டில் ஏறினால் சும்மா இருக்கும்; வண்டி சாயும்போது மட்டும் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். முன்சக்கர இழுவை வண்டி வளைவில் நேராக ஓடப் பார்க்கும். பின்பக்கத்தை இறுக்கினால் மூக்கு சொன்னபடி திரும்பும். உள்பக்கப் பின் சக்கரம் கம்பத்தைப் பார்த்த நாய் மாதிரி ஒரு காலைத் தூக்கும், அதில் தப்பில்லை. ஆனால் மழையில், பாலத்து இறக்கத்தில் பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் முந்திக்கொண்டு வரும். முதல் வருஷம் வேண்டாம் என்றேன்.

கணக்குப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு பாயிண்ட். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ வரலாம். ஸ்பிரிங் அதில் சேருமா என்று வாதாடலாம். வாதாடப்போகிற இடம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்! இன்ஷூரன்ஸ் பாலிசியில் 'ரேஸ், வேகப் பரிசோதனை நீங்கலாக' என்று பொடி எழுத்தில் இருக்கும். டிராக்கில் சுவரைத் தொட்டால் செலவு நம்முடையது.

கடைசியில் பையன் ஷாக் நாலு, நல்ல டயர் நாலு, பிரேக் பேட், புது பிரேக் ஆயில், கேம்பர் போல்ட், அலைன்மென்ட் என்று முடித்தான். பிரேக் ஆயிலை அலட்சியம் செய்யாதீர்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சாமான் அது. பழசானால் சீக்கிரம் கொதித்து, பெடல் தரைவரை போகும். போனஸில் மிச்சம் இருந்ததை அடுத்த இரண்டு டிராக் டே கட்டணத்துக்கு ஒதுக்கினான்.

மறுபடி போனபோது, டயரின் ஓரத்திலிருந்து பக்கவாட்டுவரை சாக்பீஸால் நாலைந்து கோடு போடச் சொன்னேன். ஓட்டி முடித்துப் பார்த்தால், டயர் எதுவரை மடங்கித் தரையில் உரசியது என்று கோடு அழிந்த அளவே சொல்லிவிடும். முன்பு எழுத்துவரை தேய்ந்தது, இப்போது விளிம்போடு நின்றுவிட்டது. மீதிக் கோட்டை அழிக்காமலே வீட்டுக்கு வந்திருக்கிறான். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அம்மா குனிந்து பார்த்துக் கேட்டாராம்:

"ஏண்டா, சக்கரத்துக்கெல்லாம் கோலம் போட்டிருக்கே?"