காத்திருந்த பிள்ளையும் கூடுதல் மதிப்பெண்ணும்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது.

1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், உளவியலாளர் வால்டர் மிஷெல் நர்சரிப் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை வைத்தார். எதிரே மார்ஷ்மெல்லோ போல ஒரு தின்பண்டம். சோதனை நடத்துபவர் வெளியே போய்த் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு கிடைக்கும். அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபின், 1990இல் ஓர் ஆய்வு வந்தது. தின்பண்டம் கண்ணெதிரே இருந்தும் அதிக நேரம் காத்திருந்தவர்கள், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் கூடுதல் மதிப்பெண் வாங்கியிருந்தார்கள்.

இரண்டும் சேர்ந்து வருகின்றன என்பதுதான் இதில் தெரிவது. ஏன் என்பதை நாம்தான் ஊகிக்க வேண்டும். ‘மனக்கட்டுப்பாடு உள்ள பிள்ளை முன்னேறும்’ என்பது பலருக்கும் முதலில் தோன்றியது. நியாயமான ஊகம்தான். அதோடு நின்றுவிடலாமா?

இன்னொன்றையும் யோசியுங்கள். படிப்பும் வசதியும் உள்ள வீடு, பிள்ளைக்குப் பொறுமையையும் தரலாம், மதிப்பெண்ணையும் தரலாம். அப்படியானால், குடும்பப் பின்னணியைக் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு மெலிய வேண்டும். 2018இல் டைலர் வாட்ஸ் குழுவினர் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளை ஆராய்ந்தார்கள். தொடர்பு பழைய ஆய்வில் இருந்ததில் பாதி அளவே இருந்தது. குடும்பப் பின்னணி, இளவயது அறிவுத்திறன், வீட்டுச் சூழல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது, அதிலும் சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துபோனது.

மூன்றாவது ஊகம், நம்பிக்கை. பெரியவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றாத இடத்தில், கையில் கிடைத்ததை உடனே தின்பதே புத்திசாலித்தனம். 2013இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் செலஸ்ட் கிட் குழுவினர் 28 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். படம் வரைய நல்ல பொருள்கள் தருவதாகச் சொல்லி, ஒரு பாதிக்குத் தந்தார்கள், மறுபாதியை ஏமாற்றினார்கள். பிறகுதான் மார்ஷ்மெல்லோ. முதல் பாதியினர் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம்தான். சிறிய ஆய்வு, மதிப்பெண்ணைப் பற்றி இது எதுவும் சொல்லவில்லை. ஆனால் காத்திருப்பது பிள்ளையின் குணத்தை மட்டும் பொறுத்ததல்ல என்று காட்டிவிட்டது.

ஊகிப்பது தவறே இல்லை; அதில்தான் ஆராய்ச்சியே தொடங்குகிறது. ஆனால் ஒவ்வொரு ஊகத்திடமும் கேளுங்கள்: ‘நீ உண்மையென்றால், வேறு எது தெரிய வேண்டும்?’ முதல் காரணம் பிள்ளையைத் திருத்தச் சொல்கிறது. இரண்டாவது குடும்பத்துக்கு உதவச் சொல்கிறது. மூன்றாவது பெரியவர்களை வாக்குத் தவறாமல் இருக்கச் சொல்கிறது. அவசரப்பட்டுத் தவறான காரணத்தைத் தேர்ந்தால், பழி நான்கு வயதுப் பிள்ளையின் மேல் விழும்.