ஏலச்செடி மறைவில் நிற்கும் யானைக்கு எந்தத் துப்பாக்கி?

போடி முந்தலிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டிப் பூப்பாறைப் பக்கம் இறங்கினால் ஏலத்தோட்டங்கள். மேலே நிழல் மரங்கள், நடுவே ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்த ஏலத்தட்டைகள், காலடியில் வழுக்கும் சரிவு. அதற்குள் ஒரு கொம்பன் அசையாமல் நின்றால், இருபதடி தூரத்திலிருந்து பார்த்தாலும் முதுகில் ஒரு துண்டுதான் கண்ணில் படும். இந்த மலையில்தான், சின்னக்கானலில், 2023 ஏப்ரல் 29 அன்று அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைக் கேரள வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்தது. அப்போது பேச்செல்லாம் துப்பாக்கியையும் ஊசிகளின் எண்ணிக்கையையும் சுற்றியே இருந்தது. ஆனால் யானை பிடிக்கும் வேலையில் துப்பாக்கி கடைசியில் வருவது. மண்ணைப் படிக்கும் கண்ணும், தூரத்தை அளக்கும் கருவியும், மருந்தின் கணக்கும் அதற்கு முன்னால் வரவேண்டும். அவை சரியில்லாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த துப்பாக்கியும் உதவாது.

வேட்டைத் துப்பாக்கியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவின் மேற்கு மலைகளில் எல்க் மானை வேட்டையாடுகிறவர் திறந்த சரிவுகளில், இருநூறு முந்நூறு மீட்டர் தள்ளி நிற்கும் விலங்கைக் குறிவைக்கிறார். நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் பாயும் தோட்டாவும் அதற்கேற்ற தொலைநோக்கியும் அவருக்கு வேண்டும். மயக்க ஊசித் துப்பாக்கியின் கதையே வேறு. அழுத்திய வாயுவோ வெற்றுத் தோட்டாவின் வெடிப்போ தள்ளிவிட, வாலில் குஞ்சம் கட்டிய ஊசி தோட்டாவின் வேகத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் போகும். காற்று அதை எளிதில் திருப்பிவிடும், ஓர் இலை தடுத்துவிடும். அதனால் சுடுபவர் முப்பது, நாற்பது மீட்டருக்குள் நெருங்கியாக வேண்டும். விசையைக் கூட்டி எட்ட நின்றே சுட்டால் என்ன என்று கேட்கலாம். வேகம் கூடினால் ஊசி சதையைக் கிழிக்கும், எலும்பில் படும், இல்லையேல் தெறித்து விழும். தூரத்தைத் துல்லியமாக அறிந்து, அதற்கேற்ற அழுத்தத்தை வைப்பதுதான் வழி. துப்பாக்கியின் பெயரைக் காட்டிலும் தூரமானிக்கு இங்கே மதிப்பு அதிகம்.

இன்னும் முந்தைய வேலை ஈரமண்ணில் இருக்கிறது. யானையின் முன்னங்கால் தடத்தைச் சுற்றி ஒரு கயிற்றை வைத்து அளந்து அதை இரண்டு மடங்காக்கினால் தோள் உயரம் ஏறத்தாழ வந்துவிடும். உயரத்திலிருந்து எடையை மதிப்பிடுவார்கள், எடையிலிருந்து சைலசின், கெட்டமின் போன்ற மருந்துகளின் அளவை. கூடினால் யானை நின்ற இடத்திலேயே சாய்ந்துவிடும். யானையின் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டியது. மார்பு அழுந்தப் படுத்துவிட்டால் மூச்சு வாங்க முடியாது. சரிவில் விழுந்தால் உருண்டுவிடும். குறைந்தாலோ, அரைமயக்கத்தில் மிரண்டு தோட்டத் தொழிலாளர் லயங்களை நோக்கி ஓடும். மயக்கம் ஏறவே பல நிமிடம் பிடிக்கும், அதற்குள் அது எங்கே போகும் என்பதையும் முன்கூட்டியே நினைத்து வைத்திருக்க வேண்டும். நின்றபடியே தூங்கும் யானையைப் பழக்கிய கும்கி யானைகள் இருபுறமும் அணைத்து லாரிக்குத் தள்ளிச் செல்வதைப் பார்த்தவர்களுக்கு, அந்த நிற்கும் மயக்கத்துக்குப் பின்னால் இருந்த கணக்கு தெரிவதில்லை.

ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற யானைக்கு இவ்வளவு பாடு எதற்கு, பெரிய ரைபிளால் சுட்டுவிடலாமே என்ற குரலை ஒதுக்கிவிட முடியாது. உயிரைப் பறிகொடுத்த குடும்பங்களின் வலி அதில் இருக்கிறது. ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட யானையையும் பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ வழியே இல்லாதபோதுதான் கொல்ல அனுமதிக்கிறது. அதோடு, அடர்ந்த தட்டைகளுக்கு நடுவே பாதி உடல் மட்டும் தெரியும் யானைமீது பாய்ச்சும் தோட்டா உயிர்நிலையில் படுமென்று உறுதி கிடையாது. காயம்பட்ட கொம்பன் முந்தையதைவிடக் கொடிய ஆபத்து. மறுநாள் காலை காய் பறிக்க அந்தத் தோட்டத்துக்குள் இறங்கப்போவது கூலிக்கு வரும் பெண்கள்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் ஒரு மாதம் முடியுமுன், மே 27 அன்று, கம்பம் தெருக்களில் ஓடியது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை மறுபடி ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அப்படியானால் மயக்க ஊசியால் என்ன பயன்? உண்மைதான், எங்கே விடுவது என்ற முடிவைத் துப்பாக்கி எடுத்துத் தராது. அந்த முடிவு தவறினால் ஊசி குறி தப்பாமல் பட்டும் பயனில்லை. ஆனால் மயக்கத்தில் இருந்தபோது கழுத்தில் மாட்டிய ரேடியோ காலர்தான் யானை எந்தத் திசையில் நகர்கிறது என்பதைக் காட்டிக்கொண்டே வந்தது. அந்தக் காலரும் போதாது. அடர்காட்டுக்குள் சிக்னல் அறுந்துபோகும். அப்போது தடம் பார்த்து, சாணத்தின் சூடு பார்த்து, யானை எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்ல வேண்டியவர் வேட்டைத் தடுப்புக் காவலர். செலவு செய்வதென்றால் முதலில் அவர் கையில் மழையிலும் மங்காத ஒரு பைனாகுலரையும், காலில் அட்டை ஏறாத காலுறையும் வழுக்காத பூட்சும் கொடுக்க வேண்டும். துப்பாக்கி வாங்குவதை அதற்குப் பிறகு பேசலாம்.