நிலம் ஒருபால், நீர் ஒருபால்

மதுரை மாநகரிலிருந்து மேலூர் செல்லும் பெருவழியின் இருமருங்கும் பரந்து கிடக்கும் நெல்வயல்களைக் காண்போர், அவை வையை ஒன்றனாலேயே விளைவன என்று கருதுதல் கூடும். அது முழு உண்மையன்று. அவ்வயல்களை வளம்படுத்தும் நீரில் பெரும் பங்கு, மேற்கு மலைக்கு அப்பால் கேரள மண்ணில் தேங்கி நிற்கும் பெரியாற்று நீரேயாகும். ஒரு மாநிலத்து நிலத்தில் தேங்கும் நீர் மற்றொரு மாநிலத்துக்கு உரியதாயினமை எங்ஙனம்?

பெரியாறு மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலப்பது. மலைக்கு மேற்கே மழை மிகுதி; கிழக்கேயோ குறைவு. வையையில் வெள்ளம் காண்பது சில நாள். மணல் காண்பதே பல நாள். ஆதலின், மேற்கே ஓடும் நீரை மறித்துக் கிழக்கே திருப்ப ஆங்கில அரசினர் எண்ணினர். ஆனால், அணைக்கு ஏற்ற இடம் சென்னை மாகாணத்தில் இல்லை. திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. எனவே 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ஓர் உடன்படிக்கை எழுந்தது. ஏறத்தாழ 8000 ஏக்கர் நிலம், ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம், 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாக விடப்பட்டது. நிலம் மன்னருடையது, நீரின் பயன் சென்னையுடையது. பென்னிகுவிக் என்னும் பொறியாளர் காட்டு வெள்ளத்தோடும் நோயோடும் போராடிக் கட்டிய அணை 1895இல் திறக்கப்பெற்றது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கீழிறங்கும் நீர், வைரவனாறு, சுருளியாறு ஆகியவற்றின் வாயிலாக வையையை அடைந்து, பேரணையிலிருந்து கால்வாய் வழியே மதுரைச் சமவெளியிற் பாய்கின்றது.

நாடு விடுதலை பெற்றபின் எல்லைகள் மாறலாயின. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாக இணைந்தன. 1953இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அமைக்கப்பெற்றது. அதற்கு முன்னரே நேசமணி முதலியோர் தென் திருவிதாங்கூர்த் தமிழர் பகுதிகளைச் சென்னையோடு சேர்க்க வேண்டுமெனக் கிளர்ச்சி நடத்திவந்தனர்; 1954இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தோரும் உளர். 1956 நவம்பர் 1ஆம் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. செங்கோட்டை வட்டத்தின் ஒரு பகுதியும் வந்தது. மலபார் மாவட்டம் கேரளத்தைச் சேர்ந்தது.

தேவிகுளம், பீருமேடு என்னும் மலை வட்டங்களையும் தமிழர் வேண்டினர். தேயிலைத் தோட்டங்களில் தமிழர் மிகுதியாயினும், அவருள் பலர் வேலைக்கு வந்து செல்வோரே என்பதும், அம்மலைகளின் பொருள்வளம் கேரளத்துக்கு இன்றியமையாதது என்பதும் ஆணையத்தின் கருத்து. ஆகவே அவ்விரு வட்டங்களும் கேரளத்திலேயே நின்றன. பெரியாற்று அணை பீருமேட்டு வட்டத்தில் உள்ளது. அக்கோடு சற்றே மேற்கே விலகியிருப்பின், பின்னாளில் எழுந்த வழக்குகள் பலவற்றுக்கு இடமிருந்திராது.

எனினும் 1886இன் குத்தகை அழியவில்லை. 1970இல் இரு மாநிலங்களும் அதனைப் புதுக்கிக்கொண்டன. வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. மீன்பிடிக்கும் உரிமை கேரளத்துக்கும், மின்னாற்றல் ஆக்கும் உரிமை தமிழ்நாட்டுக்கும் உரியவாயின. பின்னர், பழைய அணை உறுதியானதோ என்னும் ஐயம் எழுந்தது. அணைக்குக் கீழே வாழ்வோரின் அச்சம் இகழத்தக்கதன்று. நீரின்றி வாடும் வயலுடையார் கவலையும் அத்தகையதே. 2014 மே 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாமெனத் தீர்ப்பளித்தது.

தேக்கடி ஏரியில் படகேறி உலவுவோர் மிதப்பது கேரளத்து நிலத்தின்மீது. அந்நீரைச் சுரங்கத்துக்குள் விடுக்கும் மதகைத் திறப்போரும் மூடுவோருமோ தமிழ்நாட்டுப் பொறியாளர்.